கம்பி விழுங்கின பூவரசு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில நிக்கும். உப்புவெளியில எங்கட மரக்கரண்டித் தொழிற்சாலையில எல்லாருக்கும் அது தெரியும். மரம் அரியிற வாளின்ர பல்லு உடைஞ்சால் முதல் கிளம்புற சத்தம் வாளின்ர, ரெண்டாவது என்ர. ஆனா அண்டைக்கு வாள் உடைஞ்சதுக்கு நான் சந்தோசத்தில துள்ளிக் குதிச்சனான். வாளில நிண்ட அண்ணை எனக்குப் பேய் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சிருப்பார்.

விசயம் இதுதான். எங்கட கரண்டியளை வாங்கிற ஐரோப்பாக்காரர் ஒரு புதுச் சட்டத்துக்கு எங்களை ஆயத்தமாகச் சொன்னவை. இரண்டாயிரத்து இருபது முடிஞ்ச பிறகு காடழிச்ச நிலத்தில இருந்து ஒரு மரக்குத்தியும் வரக்கூடாதாம். மரம் எங்க நிண்டது எண்டு போன் வரைபடத்தில புள்ளி போட்டு அனுப்பவேணுமாம். அந்த வேலை என்ர தலையில விழுந்தது. எனக்கெண்டால் சந்தோசம், பெரிய புளுகம். வளவு வளவாப் போய், நாய்க்குப் பயந்து, தேத்தண்ணி குடிச்சு, புள்ளி போட்டுக்கொண்டு திரிஞ்சனான்.

வெருகல் பக்கத்து அக்கா ஒருத்தி பூவரச மரங்கள் தந்தவ. அங்க மட்டும் நான் போகேல்லை. லொறிக்காரர் காணிக்கு நடுவில ஒரு புள்ளியைப் போட்டு மரத்தோட கொண்டுவந்தவர். அதை வானத்தில இருந்து எடுத்த பழைய படத்தில வைச்சுப் பார்த்தன். இருபதாம் ஆண்டு முடிவில ஒரே பச்சை. அதுக்குப் பிறகு வெறுந்தரை, கச்சான் கடலைத் தோட்டம். நான் ஒண்டும் யோசிக்கேல்லை. 'காடு' எண்டு எழுதி, குத்தியளை ஒதுக்கச் சொல்லிப்போட்டு அவவுக்குப் போன் எடுத்தனான்.

"காடோ? பிள்ளை, அது எங்கட வீட்டு வளவு. சண்டைக்க இடம்பெயர்ந்து போய்க் கிடந்த காலத்தில செடிகொடி, பத்தை மண்டிப் போச்சு. மூண்டு வருசத்துக்கு முந்தித்தான் வந்து துப்பரவாக்கினனாங்கள். சுத்திவர வேலி, தெற்கால வாசல் படலை, எல்லாம் இருந்தது."

"காணி உறுதிப் பத்திரம் இருக்கோ அக்கா?"

"உடுத்த உடுப்போட ஓடினனாங்கள். உறுதி எங்கால?"

"அப்ப வெறும் கதையை வைச்சு ஒண்டும் செய்ய ஏலாது."

"மரத்தை வாங்காட்டிலும் பரவாயில்லை. காடு எண்டு மட்டும் எழுதாதேங்கோ. அப்பிடி எழுதினா நாங்கள் அங்க இருக்கவே இல்லை எண்டெல்லோ ஆகும்?" எண்டு கேட்டவ.

"பார்ப்பம்" எண்டு போனை வைச்சிட்டன். பார்க்கிற எண்ணம் எனக்கு இருக்கேல்லை. உள்ளதைச் சொல்லவேணும் தானே.

ஒதுக்கின மரத்தை உள்ளூருக்குப் பலகையாக் குடுப்பம் எண்டு முதலாளி சொன்னவர். முதல் குத்தி வாளில ஏறினதுதான் தாமதம், கிரீச்செண்டு ஒரு சத்தம். "ஆரப்பா ஆணி அடிச்ச மரத்தை ஏத்தினது? கண் பிடரியிலயோ?" எண்டு கத்திக்கொண்டு ஓடினனான்.

குத்தி பிளந்து கிடந்தது. ஆணி இல்லை, முள்ளுக்கம்பி! துருப்பிடிச்சு, முள்ளோட, மரத்தின்ர நடு வயித்துக்க. ஒரு முழம் தள்ளி இன்னொண்டு. அடுத்த குத்தியைக் கவனமாப் பிளக்கச் சொன்னன். அதிலயும் அதே முழக் கணக்கு.

அப்பதான் மண்டையில உறைச்சது. இது வேலி! பூவரசந் தடியளைக் கதியாலா நட்டு, அதில கம்பி அடிச்சிருக்கினம். கதியால் தழைச்சு, பருத்து, கம்பியை விழுங்கியிருக்கு. காட்டுக்க ஆர் போய் முள்ளுக்கம்பி அடிக்கிறது? "அண்ணை, உங்கட வாள் நல்லா இருக்கட்டும்!" எண்டு கத்தினன். "வாள் உடைஞ்சு போச்சு பிள்ளை" எண்டு அந்த மனுசன் பாவமாச் சொன்னவர்.

அடுத்த நாள் விடிய நானும் சாரதியும் வேனில வெருகலுக்கு வெளிக்கிட்டம். தோப்பூர் தாண்டுமட்டும் நான் வாய் மூடேல்லை. அக்கா ஒண்டும் விளங்காமல் எனக்குப் பின்னால வந்தவ. அடிக்கட்டை ஒவ்வொண்டாத் தேடிப் புள்ளி போட்டன். வெட்டாமல் நிண்ட மரங்களிலயும் பட்டைக்கு வெளியால கம்பி நுனி தெரிஞ்சது. போனில பார்க்கிறன், ஐயோ, புள்ளியள் நேர்கோடாப் போகுது! ஒரு மூலை திரும்புது! ரெண்டாவது மூலை, மூண்டாவது மூலை! ஆனா தெற்குப் பக்கம் ஓரிடத்தில ஒரு கட்டையும் இல்லை. புல்லை விலக்கி விலக்கித் தேடினன்.

"அதில ஏன் பிள்ளை தேடுறீங்கள்?" எண்டு கேட்டவ அக்கா. "அது படலை."

போனில சொன்ன அதே தெற்குப் படலை! அவவைக் கட்டிப்பிடிச்சு ஒரு சுத்துச் சுத்தினன்.

புள்ளியளையும் பிளந்த குத்தியின்ர படங்களையும் ஐரோப்பாக்காரருக்கு அனுப்பினம். சரி, அது முந்தின வீட்டு வளவுதான், மரத்தை எடுக்கலாம் எண்டு பதில் வந்தது. உடன போனை எடுத்து, தொழிற்சாலை முழுக்கக் கேக்கக் கத்தினன். "அக்கா! காடு இல்லையாம்! வளவாம்! ஏற்றுக்கொண்டிட்டினம்!"

அக்கா மெல்லமாச் சொன்னவ.

"அதைத்தானே பிள்ளை நான் முதல் நாளே உங்களுக்குச் சொன்னனான்."

ஊருக்கே கத்திற நான் குரலைத் தணிச்சன்.

"ஓம் அக்கா" எண்டன். "சொன்னனீங்கள்."