அவ வந்து சொல்லட்டும்

எங்கள் வீட்டில் ஒரு செய்தி உண்மையாவதற்கு தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் அந்த அம்மா அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சந்தியில் கேட்டதும் போனில் வந்ததும் அதுவரை வெறும் கதைதான்.

சுனாமிக்குப் பிந்திய மாதங்களில் வந்த பழக்கம் இது. "கடல் திரும்பவும் வருகுது" என்று யாராவது கத்தினால் போதும், எங்கள் ஊர் தன்னாமுனையே ஓடும். ஒரு மாலை அப்படி ஓடி, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் என் தோளில் இருந்தாள். அங்கே தொலைக்காட்சியில் அந்த அம்மா செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கடல் மீண்டும் வருவதாகப் பரவும் தகவலை எவரும் உறுதிப்படுத்தவில்லை, தெரிந்ததும் சொல்கிறோம் என்றார். தெரியாது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. செய்தி முடிவதற்குள் ஆபத்து எதுவும் இல்லை என்றும் சொன்னார். மகளை அப்போதுதான் தோளிலிருந்து இறக்கினேன்.

போன மாதம், அந்த அம்மா இறந்துவிட்டதாகப் போனில் வந்தது. மனைவி நம்பவில்லை.

"இதெல்லாம் சும்மா அனுப்புறானுகள். பின்னேரம் நியூஸ்ல அவ வந்து சொல்லட்டும்."

"ஓம், அவ சொன்னாத்தான்" என்றேன் நானும்.

செய்தி நேரத்துக்குத் தேத்தண்ணியோடு உட்கார்ந்தோம். அவருடைய இடத்தில் ஓர் இளைஞர் இருந்தார். அவர் அந்த அம்மாவின் படத்தைக் காட்டியபோதுதான், எதை யார் வாயால் கேட்கக் காத்திருந்தோம் என்று எங்களுக்கு உறைத்தது. சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மனைவி தொலைக்காட்சியை நிறுத்தவும் இல்லை, பார்க்கவும் இல்லை. இறந்தவர் எங்களை அறியாதவர். ஆனாலும் அந்த நேரம் வந்தால் இன்றும் வீட்டில் யாரோ வராதது போலிருக்கிறது.

மகள் இப்போது கல்குடாவில் ஆசிரியை. போன வாரம் ஒரு காலை, அங்கே கடல் உள்வாங்கிவிட்டது என்று குரல் பதிவு ஒன்று வந்தது. மகளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"இஞ்சாருங்க, டீவியப் போடுங்க!"

போட்டேன். உடனடிச் செய்தி என்று ஒரே மேள இரைச்சல், சிவப்பு எழுத்து. 'கல்குடாவில் கடல் உள்வாங்கியதா?' என்று அந்த இளைஞர் எங்களையே கேட்டார்.

"நாம அவரிட்டக் கேட்டா, அவர் நம்மளிட்டக் கேக்கார்" என்றாள் மனைவி. அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. நான் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

வழியில் ஏறாவூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் வெளியே வந்தாள்.

"என்னப்பா, சேட்டுப் பொத்தான மாறிப் போட்டுக்கு வந்து நிக்கிறீங்க?"

"போன் எடுக்கல்லயே நீ!"

"வகுப்புல எப்பிடி எடுக்கிற? கடலுக்கு ஒண்டுமில்லப்பா."

"ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. கதையக் கேட்டுப் புள்ளையள் அழத் தொடங்கிட்டுகள். பக்கத்து வகுப்பு டீச்சரப் பாக்கச் சொல்லிப்போட்டு நானே கரைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தநான்."

மதிலைப் பிடித்துக்கொண்டேன். சுனாமியன்று கடல் உள்வாங்கியதைப் பார்க்கப் போனவர்கள்தான் முதலில் போனார்கள். இந்தக் கரையில் வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"பாக்கப் போன ஆக்களுக்கு என்ன நடந்த எண்டு தெரியாதா புள்ள உனக்கு?" கத்திவிட்டேன். வாய்ப்பாடு நின்றது.

"தெரியும்" என்றாள் மெதுவாக. "வேற ஆரிட்டப்பா கேக்கிற? சொல்லுங்க."

அவள் செருப்பில் ஈரமணல் ஒட்டியிருந்தது. சொல்வதற்கு என்னிடம் அந்த அம்மாவின் பெயர் மட்டும்தான் இருந்தது.