மச்சானுக்கு நான் சொன்ன டயர்

போன சனிக்கிழமை நான் பாலைவனத்தில் ஓடும் வண்டிக்கு டயர் மாட்டிக் கொடுத்தேன். வேங்கிக்காலில், என் வீட்டு ஹாலில், லுங்கியோடு உட்கார்ந்துகொண்டு!

சிரிக்காதீர்கள். அன்று சாயந்திரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனைவி வசந்தாவின் தம்பி முரளி. செங்கம் ரோட்டில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். எட்டு மாதம் முன்பு துபாய் பக்கம் ஒரு பாலைவன கேம்ப்புக்கு மெக்கானிக்காகப் போனான். டூரிஸ்ட்டுகள் மணல் மேடுகளில் ஏறி இறங்க அங்கே நாலு சக்கர பைக் வைத்திருக்கிறார்கள். ஏ.டி.வி. என்று பெயர். பைக் மாதிரி ஹேண்டில்பார், குட்டி டிராக்டர் மாதிரி சக்கரம். அதைப் பழுது பார்ப்பதும், பார்த்ததை முதலில் ஓட்டிக் காட்டுவதும் அவன் வேலை.

சாதாரண டயர் மணலில் புதைகிறதாம். பின் சக்கரத்துக்கு 'பேடில் டயர்' போடச் சொல்லிவிட்டார் மேனேஜர். வழுவழுப்பான டயர், அதன்மேல் குறுக்கே வரிசையாக ரப்பர் துடுப்புகள். படகுத் துடுப்பு தண்ணீரைத் தள்ளுவது போல இது மணலைத் தள்ளும்.

முரளி வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ அனுப்பினான். எட்டு துடுப்பு, பத்து துடுப்பு, பன்னிரண்டு துடுப்பு. "எது வாங்கலாம் மாமா?"

என்னிடம் ஏன் கேட்கிறான்? நான் அக்கா வீட்டுக்காரர். போதாததற்கு, ஒரு காலத்தில் பத்து வருஷம் சொந்த டிராக்டர் ஓட்டியவன். எல்லாவற்றுக்கும் மேலாக — யார் எது கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாதவன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்கு அது தெரியாதா என்ன?

"ஜாஸ்தி துடுப்பு இருந்தா ஜாஸ்தி பிடிமானம். பன்னெண்டையே வாங்கிடு" என்றேன்.

"இன்ஜின் சின்னது மாமா. அவ்ளோ மணலைத் தள்ள முடியாம திணறும்னு கடைக்காரர் சொல்றாரு..."

"அப்போ எட்டு. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

முன் சக்கரத்துக்குத் துடுப்பு வேண்டாம், நடுவில் ஒரே ஒரு மேடான கோடு ஓடும் டயர் போதும், வண்டியைத் திருப்ப வசதி என்றும் முடிவாயிற்று. அதுவும் கடைக்காரர் சொன்னதுதான். அனுமதி கொடுத்தது மட்டும் நான்.

சனிக்கிழமை மதியம் வீடியோ கால். வாங்கியது செகண்ட் ஹேண்ட் டயர். எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி தேய்ந்துபோயிருக்கிறது. துடுப்பு ஒவ்வொன்றும் நடுவில் வளைந்து 'வி' எழுத்து மாதிரி இருக்கிறது. மாட்டும்போது அந்தக் கூர் முன்பக்கம் பார்க்க வேண்டுமா, பின்பக்கமா?

"இதுல என்னடா சந்தேகம்? டிராக்டர் டயர் மாதிரிதான். மேலேர்ந்து பாத்தா கூர் முன்னாடி இருக்கணும்."

டயரை ஒரு முறை திருப்பிப் பார்த்தான். பிறகு, "சரிங்க மாமா. மாட்டிட்டு நாலு மணிக்குப் பெரிய மேட்டுல ஏத்திக் காட்டணும். மேனேஜர் வர்றாரு" என்றான்.

அங்கே நாலு மணி என்றால் நமக்கு ஐந்தரை.

ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். வசந்தா காயவைத்த வேர்க்கடலையை ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையைக் குழித்துத் தள்ளினாள். கடலை மொத்தமும் அடங்கி நகர்ந்தது. உதவலாமே என்று நானும் உட்கார்ந்தேன். சோம்பலில் புறங்கையால் தள்ளினேன். கடலை இரண்டு பக்கமும் சிதறி ஓடியது.

"உள்ளங்கையால தள்ளுங்க. புறங்கையால தள்ளினா நிக்குமா?"

என் புறங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

டிராக்டர் டயரில் கூர் முதலில் இறங்குவது எதற்கு? சேற்றை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட. சேறு டயரில் அப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் மணலை விட்டுவிடக் கூடாதே... குழிவுக்குள் பிடித்துத் தள்ள வேண்டுமே! அப்படியானால் டயர் நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்?

போனில் ஒரு வீடியோ தேடினேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், நான் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். பாதி மேட்டில் இழுவை போனால் என்ன ஆகும்? வண்டி பின்னால் சரியும். இல்லையென்றால் கவிழும். அடியில் முரளி.

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். 'ஏறாதே, டயர் தப்பு' என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். ஒற்றை டிக். மணல் மேட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்காது என்று அவனே சொல்லியிருக்கிறான்.

மணி ஐந்து இருபது.

வசந்தாவிடம் சொல்வதா, வேண்டாமா? நான் முடிவு செய்வதற்குள் அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "யாருக்கு என்னா ஆச்சு?" என்றாள். சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். எதிரே தெரிந்த அண்ணாமலையைப் பார்த்துக் கைகூப்பினாள். உதடு மட்டும் அசைந்தது. எனக்குக் கைகூப்பக்கூட வெட்கமாக இருந்தது. தப்பாகச் சொன்னது நான்... சரிசெய்ய மட்டும் அண்ணாமலையாரா?

ஐந்தரை. ஐந்தே முக்கால். ஆறு.

முரளிக்கு இரண்டு பெண் குழந்தைகள். போளூரில் அம்மாவோடு இருக்கிறார்கள். அந்த இரண்டு முகங்களும்தான் திரும்பத் திரும்ப வந்தன. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பயமாக இருந்தது. இத்தனை வயதில் இப்படிப் பயந்ததில்லை.

ஆறு இருபதுக்கு இரண்டு டிக். உடனே வீடியோ கால்.

"என்ன மாமா, இத்தனை மிஸ்டு கால்?" முகமெல்லாம் மணல். சிரிக்கிறான்.

"ஏறினியா?"

"ஏறிட்டேன் மாமா. மேனேஜர் கை குடுத்தாரு."

"எப்படிடா? நான் தப்பால்ல மாட்டச் சொன்னேன்?"

சிரிப்பு குறைந்தது. போனைக் கை மாற்றிப் பிடித்தான். முழங்கையில் வெள்ளைக் கட்டு தெரிந்தது. வசந்தா என் போனைப் பிடுங்கினாள். "அது என்னடா கையில?"

"ஒண்ணுமில்லக்கா, சிராய்ப்பு. மொதல்ல சின்ன மேட்டுல ஏத்திப் பாத்தேன். பாதியில பிடிப்பு விட்டு, வண்டி பின்னாடி சரிஞ்சுது. குதிச்சுட்டேன். அப்புறம் இடது சக்கரத்தை வலதுல, வலதை இடதுல மாத்திப் போட்டேன். சரியாயிடுச்சு."

முதலிலேயே பெரிய மேட்டில் ஏற்றியிருந்தால்? வசந்தாவிடமிருந்து போனைத் திரும்ப வாங்கினேன்.

"மாட்டும்போதே உனக்குத் தெரியலையா?" என்றேன்.

தயங்கினான். "தெரிஞ்சுது மாமா. வளைவைப் பாத்ததுமே திருப்பிப் போடணும்னு தோணுச்சு... ஆனா நீங்க சொல்லிட்டீங்களே. எப்படி எதுத்துப் பேசறது?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது! பதினைந்து வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அக்கா புருஷன் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் அதற்கு மேல் பேச்சில்லை. யோசித்துப் பார்க்கிறேன்... படிப்பு, வேலை, கல்யாணம் என்று நம்மிடம் யோசனை கேட்டுப் போனவர்களில் எத்தனை பேர், தப்பு என்று தெரிந்தே தலையாட்டியிருப்பார்கள்? எத்தனை பேர் கையில் கட்டு? மரியாதையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் நாம், அடுத்தவன் ஏறப்போகும் மேட்டைப் பார்ப்பதே இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். கண்டிப்பாகவே சொன்னேன். "முரளி, இனிமே நான் எது சொன்னாலும், உனக்குத் தப்புன்னு பட்டா கேக்காத. மூஞ்சிக்கு நேரா எதுத்துப் பேசு. புரியுதா?"

"நீங்க சொன்னா சரிதாங்க மாமா."