கட்சி மாறாத சூசைராஜ்

சூசைராஜ் சாரை அவர் இறந்த பிறகு கட்சி மாற்றிவிட்டார்கள். நடந்த தவறு இதுதான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் எங்கள் திரைப்பாட்டு ரசிகர் கூட்டம் நடக்கும் கட்டடத்தின் மாடிப்படியில், அவர் படத்துக்குக் கீழே ஒரு பேனர் தொங்குகிறது. ‘வாழ்நாள் முழுவதும் இந்திப் பாடல்களுக்காக வாதாடி, இறுதியில் தமிழ்ப் பாடல்களே சிறந்தவை என ஏற்றுக்கொண்ட பெருந்தகை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் தமிழ்க் கட்சிக்காரன். அந்த பேனரின்படி ஜெயித்தவன் நான். எனக்கு அந்த ஜெயம் வேண்டாம். அது பொய்.

செய்தி வந்தது வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்துவிட்டு தி. நகரில் சூட்கேஸ் பழுது பார்க்கும் என் கடைக்கு வந்து, ஒரு பெட்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் செயலாளர் ராமநாதன் போன் செய்தார். “பாய், சூசைராஜ் சார் போயிட்டார். அடையார் ஆஸ்பத்திரியில, கார்த்தால.” சக்கரம் கையோடு வந்துவிட்டது. “பாய், லைன்ல இருக்கேளா?” என்றார். இருக்கிறேன் என்றேன். கழற்றிய சக்கரத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வேறொன்றை மாட்டிக் கொடுத்தேன். அது சற்றுப் பெரியது. அந்தப் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ரங்கநாதன் தெருவில் போனதைப் பார்த்தபடி நின்றேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் சுத்தமான தமிழ் பேசுவார். பாட்டு விஷயத்தில் வாக்குவாதம் வந்துவிட்டால் பட்டினப்பாக்கம் மீன் கடைத் தமிழுக்கு இறங்கிவிடுவார். கல்லூரி நாட்களில் இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவர். ஊர்வலம் கலைந்ததும் நேராக இந்திப் படத்துக்குப் போனவரும் அவர்தான். ஒருமுறை நான் இதைக் குத்திக் காட்டினேன். “அரசாங்கம் திணிச்சா எதிர்ப்பேன் பாய். நானே திணிச்சுக்கினா உனுக்கு இன்னா?” என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு இந்தி தெரியாது. என் வீட்டு மொழி உருது. இந்திப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரியும். தமிழ் எழுத்தை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கற்றேன். ஆகவே நான் தமிழ்க் கட்சி, அவர் இந்திக் கட்சி. புதிதாக வருகிறவர்கள் எங்களை இடம் மாற்றி உட்காரச் சொல்வார்கள். ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவில் ஆக்ரா போனபோது அவர் ஒரு டீக்கடைக்காரரிடம் பேசிப் பார்த்திருக்கிறார். அவருடைய இந்தி முழுவதும் பாட்டிலிருந்து வந்தது. அதில் நிலவு இருந்தது, பிரிவு இருந்தது, துரோகம் இருந்தது. சர்க்கரை இல்லை. கடைக்காரர் அவர் தோளைத் தட்டி, உட்கார வைத்து, இலவசமாகவே டீ கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவர் கண் கலங்கிக் கேட்கும் ஒரு இந்திப் பாட்டு உண்டு. தாயைப் பறிகொடுத்தவன் பாடுகிறான் என்று நினைத்திருந்தார். “சார், அவன் சினிமாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பெண்ணைப் பற்றிப் பாடுகிறான்” என்றேன்.  “அவன் அழறது நிஜந்தானே? எதுக்கு அழறான்னு நான் ஏன் பாய் விசாரிக்கணும்?” என்றார். அடுத்த மாதமும் அதே இடத்தில் கண் கலங்கினார். “உனுக்கு அர்த்தம் தெரியுது, அதான் பாட்டு கேக்கல” என்று என்னைக் கேலியும் செய்தார். இதற்கு ஒரு பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்ப் பாட்டின் மேல் அவருடைய புகார் எப்போதும் ஒன்றுதான். “கல்யாணப் பந்தி மாதிரி கீது பாய். சாம்பாரைப் பிசையறதுக்குள்ள பாயசத்த ஊத்துறான். வயலின் போறதுக்குள்ள புல்லாங்குழல், அது போறதுக்குள்ள கோரஸ். பாடுற பொண்ணு மூச்சு வுட வேணாமா?” நான் விடுவேனா? இந்திப் பாட்டில் ஒருவன் ஒரே துக்கத்தை ஆறப்போட்டு ஆறப்போட்டுப் பரிமாறுகிறான் என்பேன். இப்போது வரும் பாட்டுகளைப் பற்றி மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. “ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து வர மாதிரி கீது. சண்டை போட ரெண்டு வேணும்ல?” என்பார்.

எங்கள் கூட்டத்தின் விதி அவர் வகுத்தது. எதிர்க்கட்சிப் பாட்டைக் குறை சொல்ல விரும்புகிறவர் முதலில் அதை முழுவதும் பாடிக் காட்ட வேண்டும். தொடக்க இசை, நடுவில் வரும் வாத்திய இசை எதையும் விடக்கூடாது. பாடத் தெரியாதவனுக்குக் குறை சொல்லும் உரிமை இல்லை. எவ்வளவு மோசமான குரலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வாத்தியம்கூட விட்டுப் போகக்கூடாது. வயலின் கூட்டத்தை நான் வாயால் வாசிப்பேன். ஒருமுறை கீழே இருந்த வாட்ச்மேன் ஆம்புலன்ஸ் வருகிறது என்று நினைத்து கேட்டைத் திறந்துவிட்டார். சார் தபலாவை பெஞ்சில் வாசிப்பார். குறை இருக்கும் இடம் வந்ததும் அப்படியே நிறுத்தி, வலது கை ஆள்காட்டி விரலை மேலே தூக்குவார். அந்த விரல் உயர்ந்தால் நாங்கள் நடுங்குவோம். அவரிடம் படித்த பிள்ளைகளும் அப்படித்தான் நடுங்கியிருப்பார்கள்.

தமிழ்க் கட்சியின் துருப்புச் சீட்டு ஒரு படகுப் பாட்டு. படம் ஓடவில்லை, பாட்டு மட்டும் நிலைத்தது. துடுப்புப் போடும் ஓசையிலேயே தாளம் இருக்கும். பெண் குரல் தண்ணீரைத் தொடாமல் அதன் மேல் போகும். வாத்தியங்கள் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. பந்திப் புகாரை அதன்மேல் சொல்லவே முடியாது. நான் அதை எடுத்தாலே சார் பேச்சை மாற்றுவார். விடாமல் பிடித்துக்கொண்டால், “அதுலயும் குறை கீது பாய். எங்கன்னுதான் தெரில. கண்டுபுடிக்காம சாவ மாட்டேன்” என்பார். அந்தப் பாட்டில் குறை இல்லை என்று நானும் உயிரோடு இருக்கும்வரை சொல்லத் தயாராக இருந்தேன்.

இப்போது பேனருக்கு வருகிறேன். அவர் இறப்பதற்கு முந்தின நாள் மதியம், அவருடைய மகள் ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோ ஒன்றைக் கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் போட்டார். கடையில் கூட்டம் இருந்ததால் அன்று நான் அதைத் திறக்கவில்லை. சார் கட்டில் கம்பியில் தாளம் போட்டபடி படகுப் பாட்டை முணுமுணுக்கிறார். துடுப்பு வருகிறது, பல்லவி வருகிறது, முதல் சரணம் வருகிறது. மூச்சு வாங்குகிறது. ஆனாலும் ஒரு வாத்தியம்கூட விட்டுப் போகவில்லை. சரணங்களுக்கு நடுவில் வரும் இசையின் பாதியில் நிறுத்துகிறார். விரலைத் தூக்குகிறார். சிரிக்கிறார். நர்ஸ் ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்துக்கொண்டு வருகிறார். வீடியோ முடிகிறது.

இரங்கல் கூட்டத்தில் ராமநாதன் இதைத் திரையில் காட்டினார். “கடைசியில தமிழ்ப் பாட்டைத்தான் பாடிண்டிருந்தார். கையைத் தூக்கி நம்மளை ஆசீர்வாதம் பண்றார் பாருங்கோ” என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தமிழ்-இந்தி வழக்கு முடிந்தது என்று தீர்மானமும் போட்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

“ஓய், அது ஆசீர்வாதமா? அது குறை!”

“பாய், போனவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிண்டு போனா என்ன தப்பு?”

“குறை கண்டுபிடித்துவிட்டார் என்பதைவிட அவரைப் பற்றி நல்லதாக என்ன சொல்லிவிட முடியும்?”

“ஜெயிச்சது நீங்கதானே? பேசாம உக்காருங்கோளேன்!”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தவர்களும் என் பக்கம் வரவில்லை. வாசலில் ஸ்டெல்லாதான் என்னை நிறுத்தினார். “அங்கிள், மாஸ்க்கை எடுத்துட்டு ஒண்ணு சொன்னாரு. ‘பாயை வரச் சொல்லு, மாட்டிக்கினாரு’ன்னாரு. காலையில போன் பண்ணிக்கலாம்னு இருந்துட்டேன்.” பிறகு, “அப்பா எதுல உங்களை மாட்டி விட்டாரு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லையே அம்மா என்றேன்.

அன்றிலிருந்து அந்தப் பாட்டை, அவர் விரல் தூக்கிய இடத்தில், கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கடையில் கேட்கிறேன், பஸ்ஸில் கேட்கிறேன். புல்லாங்குழல் வாசிப்பவர் ஓரிடத்தில் மூச்சை உரக்க இழுக்கிறார். துடுப்பு ஒரு தடவை தாளத்துக்குச் சற்று முந்தி விழுகிறது. வயலின்கள் அடங்க வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் மிச்சம் இருக்கிறார். இத்தனை காலமும் ஒரு குறையும் இல்லாத பாட்டில் இப்போது மூன்று இருக்கின்றன. அவர் சொல்ல வந்தது எது என்று தெரியவில்லை. வேறொன்றாகவும் இருக்கலாம். என் பாட்டைக் கெடுத்துவிட்டுப் போனார். முன்பைவிட அதிகமாக அதைக் கேட்கவும் வைத்துவிட்டார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.

இனி ஆக வேண்டியவை. ராமநாதன் அந்த பேனரை இறக்க வேண்டும். புதிதாக அச்சடிக்க வசதியில்லை என்றால் ‘இறுதியில்’ என்பதிலிருந்து கடைசிவரை வெள்ளைத் தாள் ஒட்டினால் போதும். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் எல்லோரும் அதே கையைத் தூக்கி அதை ரத்து செய்ய வேண்டும். ஸ்டெல்லா அந்த வீடியோவை அழிக்கக் கூடாது, யாரும் அதில் விரல் வரும் இடத்தை வெட்டக் கூடாது. தமிழ்க் கட்சியை இனி ராமநாதனே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தில் சாரின் பெஞ்சில் நான் உட்காருவேன். படகுப் பாட்டைத் துடுப்பிலிருந்து தொடங்கிப் பாடுவேன். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி விரலைத் தூக்குவேன். அந்த மூன்றில் எது என்று அதற்குள் முடிவு செய்திருப்பேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமல் இருந்தால் போதும்.