கால்மாட்டில் தொங்கிய அட்டை

எங்கள் பெண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். வியாதியைப் பற்றியது அல்ல, ஆளைப் பற்றியது. நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வதை ஐந்தாறு வரியில் நர்ஸ் எழுதிவைக்க வேண்டும், அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் அதைப் படித்துவிட்டுப் பேச்சுக் கொடுக்க வேண்டும். புது மேட்ரன் இப்படிச் சொன்னபோது முதலில் முணுமுணுத்தவள் நான்தான். இருக்கிற வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, இதில் கதை வேறா என்றேன்.

பிறகு கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தார். ஊசி என்றால் கையைத் தட்டிவிடுவார். கூடையோடு அவர் நடந்த தெருக்களைக் கேட்டு எழுதினேன். மறுநாள் வந்த நர்ஸ், "இன்னைக்கு எந்தத் தெருவுக்குப் போவீங்க?" என்று ஆரம்பிக்க, பேச்சுவாக்கில் கையை நீட்டிவிட்டார். மேட்ரன் என் அட்டையை எல்லாருக்கும் காட்டினார். எனக்குக் கர்வம் வந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் கொடுக்க இப்போது மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நெரவிப் பக்கத்திலிருந்து அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். முன்கை எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகக் கணவர் சொன்னார். டாக்டர் கேட்டபோது அவளும் அதையேதான் சொன்னாள். வழுக்கி விழுந்தவளுக்கு மேல்கையில் விரல் பதிந்த கன்றல் எப்படி வந்தது என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த மனிதர் அத்தனை தன்மையானவர். தினமும் நாலு மணிக்கு வந்து போர்வையைச் சரிசெய்வார், எங்களுக்கும் சேர்த்து ஆரஞ்சு வாங்கி வருவார். அவர் இருக்கும்வரை அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

அவள் அட்டை மட்டும் ஒரு வாரம் காலியாகவே இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. தலை வாரிவிட்டேன், என் மாமியார் அடிக்கும் கூத்தையெல்லாம் சொன்னேன். ஒரு நாள் காலையில் அவளாகவே வாய் திறந்தாள்.

"எனக்கு நல்லாத் தைக்கத் தெரியும் சிஸ்டர். மாயவரத்துல தங்கச்சி புதுசாக் கடை போட்டிருக்கு. கட்டுப் பிரிச்சதும் அங்கயே போயிடலாம்னு இருக்கேன். யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தக் கடைசி வார்த்தையை நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அவளை எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டு, முத்து முத்தாக எழுதி மாட்டினேன்: தையலில் கெட்டிக்காரர். குணமானதும் மாயவரத்தில் தங்கையோடு தங்கித் தைக்க ஆசை.

நாலு மணிக்குக் கணவர் வந்து அட்டையின் முன் நின்றார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"அழகா எழுதியிருக்கீங்க சிஸ்டர். எங்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க." குரல் கொஞ்சமும் மாறவில்லை. "எப்பப் போறதாச் சொன்னா?"

"கட்டுப் பிரிச்சதும்," என்றேன். நானேதான் சொன்னேன்.

வீல்சேரில் திரும்பி வந்தவள் அட்டையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டையைக் கழற்றினேன். அதனால் இனி ஒரு பயனும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் அவர் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போவதாகக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் தடுத்துப் பார்த்தார். மேட்ரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "வீட்டுக்கே போறேன்" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை. கையிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்தினேன். என் பக்கம் குனிந்து, "நான் ஒங்ககிட்ட மட்டுந்தான சிஸ்டர் சொன்னேன்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது இன்னொருத்தி. வீட்டு நம்பருக்கு மூன்று முறை போன் அடித்தேன். மூன்று முறையும் அவரே எடுத்தார். "நல்லா இருக்கா சிஸ்டர். தூங்கறா." கட்டுப் பிரிக்க வேண்டிய நாளில் அவள் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வார்டு வாசலில் அவள் ஜாடையில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் புதிதாகத் தைத்த இரண்டு நைட்டி, கட்டுப் போட்ட கை நுழையும்படி ஒரு பக்கம் மட்டும் அகலமாக வெட்டியது.

"அக்கா எந்தக் கட்டில்ல இருக்கு சிஸ்டர்? போன்ல பேசவே முடியல. இன்னும் இங்கதான் இருக்குன்னு அத்தான் நேத்துகூடச் சொன்னாங்க."