வேங்கை விழுந்த பிறகு

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகளில், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையோரம் குடியிருந்தோம். வீட்டை ஒட்டி என் கணவரின் கொள்ளுத்தாத்தா போட்ட தோட்டம். மலையிலிருந்து கன்றுகளாகக் கொண்டுவந்த மரங்களும் செடிகளும் மட்டுமே அதில் உண்டு. கிணற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததால், இனி இதை எப்படிக் காப்பது என்று கணவரும் கொழுந்தனாரும் நானும் யோசித்தோம். பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த கொழுந்தனார்தான் வழி சொன்னார். மழைநீரைத் தேக்க ஒரு குட்டை வெட்ட வேண்டும். ஒற்றையாய் நிற்கும் மரங்களின் விதைகளை எடுத்து மலை ஊர்களிலும் வளர்க்க வேண்டும். முதலில் வேங்கை. அடிவாரத்தில் எங்களுக்குத் தெரிந்து எங்கள் தோட்டத்தில் நின்ற அந்த ஒரு மரம்தான் மிச்சம். குட்டையை அவரே வெட்டத் தொடங்கினார்.

சாலை மறியலன்று காலையில், மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போடக் கோடாலிகளோடு ஒரு கூட்டம் வந்தது. முன்னால் கொழுந்தனார்.

“ரோட்டாண்ட பெருசு வேங்கைதான் அண்ணி. அதத்தான் சாய்க்கணும்.”

“இப்பதான பூ வுட்டிருக்கு. வெதைக்கு எங்க போறது?” என்றேன்.

“வெதைய வச்சிக்கினு இன்னா பண்றது? படிச்சிட்டு வூட்லயே குந்திக்கினு கீறேன். பஸ்சு ஓடினா எங்கள யாரு திரும்பிப் பாப்பாங்க?”

கணவர் மரத்தடியில் போய் நின்றார். “வேணான்டா,” என்றார். தம்பி கேட்பது நியாயம் என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவரே விலகிக்கொண்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மரம் விழுந்த அதிர்வில் அடுக்களைப் பாத்திரங்கள் ஆடின.

மறுநாள் கொழுந்தனாரைப் போலீஸார் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தபோது வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒதுக்கீடு வந்தும், அந்த வழக்கால் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

குட்டை பாதியிலேயே நின்றது. ஒரு கோடையில் கிணறு அடியோடு வற்றியது. மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை எதைக் கைவிடுவது என்பதுதான் பேச்சு. கணவர் தம்பியையும் கூப்பிட்டார்.

“நீயே பாத்துக்கோண்ணா,” என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தோட்டத்தின் பின்பக்கம் ஓடையோரம் நின்ற மரங்களுக்கு மட்டும், சாலைக்கு அப்பால் இருந்த ஊர்க்கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பதென்று நாங்கள் இருவரும் முடிவுசெய்தோம். சாலைப் பக்கத்துச் செடிகள் அந்த வெயிலிலேயே கருகின. குடத்தோடு அந்த வழியாகத்தான் தினமும் போய்வந்தேன்.