ஜெயசீலியின் ஹெட்போன்

சிட்லபாக்கம் ஜெயசீலிக்கு வலது காது போய் இரண்டு வருஷமாகிறது. இடது காதும் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சர்ச்சில் பிரசங்கத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். ரெக்கார்டிங்கில் அப்படி ஒப்பேற்ற முடியுமா? முப்பத்து நான்கு வருஷமாகப் பாட்டுகளுக்கு வயலின் வாசிப்பவள். கணவர் எலியேசர் இறந்த பிறகு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவளை வெளியே இழுத்து வந்தது அந்த வயலின்தான். அதுவும் போனால் தனக்கு என்ன மிச்சம் என்று நினைக்கவே பயந்தாள்.

அந்த வாரம் ராஜகீழ்ப்பாக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் வேலை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, பிரபலமான ராக் பாட்டுகளைப் பாடகரும் கிட்டாரும் இல்லாமல் முழு ஆர்கெஸ்ட்ராவில் கேட்டிருந்தது. கத்திக் கதறின பாட்டுக்கெல்லாம் பட்டுப்புடவை கட்டி விடுகிறோம் என்று ஜெயசீலி கிண்டலடித்தாள். ஆனாலும் அவளுக்குப் பிடித்திருந்தது. நாற்பது பேர் சேர்ந்து வில் போட்டால் தரையே அதிரும், காது தேவையில்லை. ஹெட்போனில் தாளத்துக்காக ஓடும் டிக் டிக்கை மட்டும் உச்சத்தில் வைத்துக்கொண்டாள்.

வம்பு நாலாவது பாட்டில் வந்தது. அதன் முடிவில் வயலின்கள் மெல்ல மெல்ல அடங்க வேண்டும். மூன்று டேக் வீணாகிவிட்டன. யாருடைய ஹெட்போனிலிருந்தோ டிக் டிக் கசிந்து மைக்கில் விழுகிறது என்றார் இன்ஜினியர் ஷ்யாம்சுந்தர்.

பதினெட்டு வருஷமாக அவள் பக்கத்து நாற்காலியில் வாசிக்கும் ஜெஃப்ரி, அவள் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தான். வைத்த வேகத்தில் கழற்றினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையை உயர்த்தி, தன்னுடையதுதான் என்று பழியை ஏற்றுக்கொண்டு, அவள் ஹெட்போனின் சத்தத்தைக் குறைத்தான். பிறகு அவள் இடது காதருகே குனிந்தான்.

"டிக்கை விடுங்கக்கா. என் வில்லைப் பாத்துக்கிட்டே வாசிங்க."

டேக் ஓடியது. குறைத்த டிக் டிக் அவளுக்குக் கேட்கவில்லை, வாசித்தால் தன் வயலினும் கேட்காது. அரை நொடி பிசகினாலும் நாற்பது பேர் உழைப்பும் தன்னால் பாழ். அதனால் வில்லைத் தந்தியில் படவிடாமல் ஒரு நூல் உயரத்திலேயே ஓட்டினாள். ஜெஃப்ரியின் வில் ஏறும்போது ஏற்றினாள், இறங்கும்போது இறக்கினாள். பாட்டு முழுக்க ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.

போட்டுக் கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஷ்யாம்சுந்தர் இரண்டு கட்டைவிரலையும் காட்டினார். ஒருவருக்கும் எதுவும் குறைவதாகத் தெரியவில்லை. அதைப் பார்த்து ஜெயசீலி வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள். ஜெஃப்ரிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களாக்கா? இன்னும் பத்து வருஷம் வாசிக்கலாம் நீங்க," என்று அவள் காதில் கத்தினான்.

அவள் அழுதுவிட்டாள்.

"நான் வாசிக்கவே இல்லப்பா," என்றாள். "அடுத்த ரெக்கார்டிங்குக்கு என்னைக் கூப்பிட வேணாம்னு சொல்லிடு."