நியூட்ரலில் நின்ற வண்டி

கொரியாவில், வோன்ஜு நகரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் மோ சாங்தே என்ற பெயர் யாருக்கும் தெரியாது. அதனால் அவருக்குக் குறையொன்றுமில்லை. நானூற்று ஏழு என்று ஒரு கதவு எண் இருந்தது. பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மகள் புசானில். ஞாயிறுதோறும் கையாட்டும் முயல் படம் ஒன்றைக் கைபேசியில் அனுப்புவாள். இவரும் ஒரு முயலைப் பதிலுக்கு அனுப்புவார். குடும்பப் பேச்சுவார்த்தை இனிதே நிறைவுறும்.

இத்தகைய பெருமகனின் கார் சாவிதான் குளிர் ஆரம்பித்த ஒரு நாளில் தொலைந்தது.

தொலைந்த நேரமும் மோசம். அந்தக் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் கட்டங்களைவிட வண்டிகள் அதிகம். கட்டம் கிடைக்காதவர் மற்ற வண்டிகளுக்குக் குறுக்கே நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போவார். காலையில் அவசரக்காரர் அதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுப்பார். தள்ள முடியாவிட்டால், முன்கண்ணாடிக்குள் தெரியும் எண்ணுக்கு ஃபோன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகிறவனை மட்டும் அங்கே யாரும் மன்னிப்பதில்லை. கொலைகாரனுக்காவது பரிந்து பேச ஓர் அம்மா இருப்பாள்.

சாங்தே முறைப்படிதான் நிறுத்தியிருந்தார். கண்ணாடிக்குள், மனைவி இரண்டு வாத்துகளோடு சேர்த்து அவருடைய எண்ணைப் பூத்தையலில் போட்டிருந்த குட்டித் தலையணை. அந்த எண்ணுக்கு வெகுநாளாகக் காப்பீடு விற்பவர்களைத் தவிர யாரும் அழைத்ததில்லை. மாற்றுச் சாவி ஒன்றும் உண்டு. அதை மனைவி பத்திரமான இடத்தில் வைத்திருந்தாள். இடத்தைச் சொல்லாமலே போய்விட்டாள் என்பதால் அது மிகவும் பத்திரமாக இருக்கிறது.

கம்பெனிப் பட்டறையில் புதுச் சாவிக்கு விலை கேட்டார். அந்தத் தொகையில் பாதியைக் கொடுத்தால் வண்டியே சாவியைத் தேடிக் கிளம்பிவிடும் என்று தோன்றியது. மலிவாக வேறு வழி பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஃபோன் அடித்தது.

"நானூத்தி ஏழா? ஐந்நூத்தி ரெண்டு பேசறேன். உங்க வண்டி எங்க வண்டியைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்குது. தனியா தள்ளினா மேடு ஏற மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பிரிச்சு விடறீங்களா?"

இறங்கிப் போனார். ஐந்நூற்றிரண்டு வீட்டு டாக் அம்மா, மீன்கடை வைத்திருப்பவர், ஒரு பக்கம் தோள் கொடுக்க, இவர் மறுபக்கம் தள்ளினார். அடுத்த நாள் இருநூற்று மூன்று, யோம் வாத்தியார். அதற்கடுத்த நாள் இருவருமே.

"தொலைஞ்ச சாவி கிடைச்சுதா?" என்று கேட்டார் வாத்தியார்.

"இல்லீங்க."

"கம்பெனிக்குப் போயிடாதீங்க, தோலை உரிச்சிடுவான்," என்றார் டாக் அம்மா. "சந்தையில பேர் முத்திரை வெட்டி, சாவியும் போடற கடை இருக்கே."

"அங்கயா? போன தடவை எனக்குப் போட்டுக் குடுத்த சாவி பக்கத்து வீட்டுக் கதவைத்தான் திறந்துச்சு," என்றார் வாத்தியார்.

"திறந்துச்சுன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

சாங்தே சிரித்தார். நெடுநாள் பழக்கம் விட்டுப்போன சிரிப்பு; இருமல் என்று நினைத்து டாக் அம்மா மறுநாள் இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்தார்.

இப்படியிருக்கையில்தான் சாவி கிடைத்தது. கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டியில், முள்ளங்கிக் கிம்ச்சி டப்பாவுக்கு அடியில். சந்தையிலிருந்து வந்த அன்று டப்பாவோடு அதையும் உள்ளே வைத்துவிட்டிருந்தார். கையில் எடுத்தார். ஜில்லென்று இருந்தது. இதைக் கொண்டு போனால் வண்டி கட்டத்துக்குள் போய்விடும், காலையில் ஃபோன் அடிக்காது என்பதை ஓய்வுபெற்ற நேரக் காப்பாளர் சட்டென்று கணக்குப் போட்டார். சாவியை வைத்த இடத்திலேயே வைத்தார். டப்பாவை அதன்மேல் வைத்தார். மூடியை அழுத்தி மூடினார்.

ஆனால் அக்கறை என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. சனிக்கிழமை டாக் அம்மா ஒரு வேனை வாசலுக்கே கூட்டிவந்துவிட்டார். நடமாடும் சாவிக்காரன் குக். ஊரிலேயே மலிவு என்று பேர்.

"பழைய சாவி ஒண்ணாவது இருக்கா அண்ணே? இருந்தா அதைப் பார்த்து இன்னொண்ணு போட்டுடலாம், கம்மியா முடியும். ஒண்ணுமே இல்லேன்னா பூட்டைக் கழட்டணும், வண்டி மூளைக்குப் புதுச் சாவியை அறிமுகம் பண்ணி வைக்கணும். ரெண்டு மடங்கு ஆகும்."

எல்லோரும் சாங்தேயைப் பார்த்தார்கள். நாலாம் மாடியில், முள்ளங்கிக்கு அடியில், பாதி விலை காத்திருந்தது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க சார்," என்றார் வாத்தியார்.

"தேடாத இடமில்லீங்க," என்றார். அது உண்மைதான்.

டாக் அம்மா சாவிக்காரன் பக்கம் திரும்பினார். "ரெண்டு மடங்கா? பொண்டாட்டி இல்லாத மனுஷன்யா. தானே சமைச்சு, தானே சாப்பிட்டு, தானே நல்லா இருக்குன்னு சொல்லிக்கிறாரு. இவர்கிட்டயா புடுங்குவ?"

"எனக்கும் வீட்ல நாலு வாய் இருக்கும்மா."

"இருக்குல்ல? அவருக்கு அதுவும் இல்ல."

இவ்விதம் சாங்தேயின் தனிமைக்கு முதன்முறையாகத் தள்ளுபடி கிடைத்தது. குக் விலையை இறக்கினான். சாங்தே தலை குனிந்து, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பொருளை ஊரிலேயே மலிவான விலைக்கு வாங்கினார். வண்டி உறுமியது. நாலைந்து பேர் கை தட்டினார்கள். வண்டி ஒரு காலிக் கட்டத்துக்குள் போய் நின்றது.

"அப்பாடா," என்றார் டாக் அம்மா. "இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். திங்கள் காலை ஃபோன் அடிக்கவில்லை. செவ்வாயும் இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்ட வாத்தியார், "வண்டி ஓடுதா சார்?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார். ஞாயிறன்று முயல் வந்தது. முயல் அனுப்பப்பட்டது.

அன்று மாலை சாங்தே முட்டை வாங்கிக்கொண்டு காரில் வந்தபோது வண்டி நிறுத்துமிடத்தில் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. அதைக் கவனமாகப் பார்த்தார். கவனமாகத் தாண்டிப் போனார். டாக் அம்மாவின் வண்டிக்கு நேர் குறுக்கே நிறுத்தினார். வாத்துகள் வெளியே பார்க்கும்படி தலையணையைத் திருப்பி வைத்தார். அக்கம்பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்துவிட்டார்.

காலையில் ஃபோன் அடித்தது.

"யோவ் நானூத்தி ஏழு! பிரேக்கைப் போட்டுட்டுப் போயிருக்கியே, உனக்கு அறிவிருக்கா? மீனெல்லாம் நாறப்போகுது!"

"ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா. வயசாயிடுச்சு, மறதி. இதோ வர்றேன்," என்றார் சாங்தே.

அவர் நெடுநேரமாகவே, மேல்கோட்டு மாட்டி, தலைவாரி, காலணியும் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.